சேலத்தில் வீடு, பொம்மசந்திராவில் வேலை: நாலு ரோட்டு மாடியில் வருமான வரி பார்த்த அனுபவம்

வாரத்தில் ஐந்து நாள் பெங்களூர் பக்கம் பொம்மசந்திரா, இரண்டு நாள் சேலம். 2024 அக்டோபரிலிருந்து என் பிழைப்பு இதுதான். திங்கட்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் தொப்பூர் கணவாயில் கண் சொக்கும், கிருஷ்ணகிரியில் டீ, அத்திப்பள்ளி வரும்போது நன்றாக விடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி அதே வழியில் திரும்பி வருவேன். வீடு அம்மாபேட்டையில். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், மாமியார் பார்த்துக்கொள்கிறார். திங்கட்கிழமை பஸ்ஸில் என்னைப் போல ஓசூர், சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று இறங்குபவர்கள் நிறையப் பேர். ஜூன் மாதம் ஃபார்ம் 16 (வருடச் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று) வந்துவிட்டால் பஸ் முழுக்க அதே பேச்சுதான். "உனக்கு எவ்வளவு பிடிச்சாங்க?", "கர்நாடகாவில் வேலை பார்த்தா அங்க தனியா வரி கட்டணுமா?" என்று ஆளுக்கொரு கேள்வி. சரியான பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேலம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் வரி ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு அக்காவைப் பற்றிய விமர்சனம் இது. பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரே ஆள், உதவிக்கு ஒரு பெண். இப்போது வரும் கூட்டமே அவருக்கு அதிகம். அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம். கீழே ஜெராக்ஸ் கடை, சாயந்திரம் ஆனால் எதிரே தட்டுவடை செட் வண்டி நிற்கும்.

முதலில் நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் வரை கருப்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். மாதம் 48,000. அக்டோபரில் பொம்மசந்திராவில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 12 லட்சம் என்று இருந்தது. மாதம் ஒரு லட்சம் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். முதல் மாதம் கணக்கில் விழுந்தது 85,080. மீதி எங்கே என்று கேட்டால் எச்.ஆரில் "ஸ்லிப்பில் இருக்கிறது மேடம்" என்றார்கள். அந்த ஸ்லிப்பைப் பத்து தடவை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. நுணுக்கமாக அளவெடுக்கிற வேலை செய்கிறேன், ஒரு பக்கக் காகிதம் புரியவில்லையே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அடுத்த ஜூனில் இரண்டு கம்பெனியிலிருந்தும் இரண்டு ஃபார்ம் 16 வந்தன. இரண்டிலும் பிடித்த வரி பூஜ்யம். வரியே இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு ஏஜென்டிடம் போனேன். அவர் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "27,000 சொச்சம் கட்ட வேண்டி வரும், ஆனா நீங்க கட்ட வேண்டாம். வாடகை 25,000னு போட்டுடலாம், ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்த மாதிரி காட்டிடலாம், என் கமிஷன் மட்டும் கொடுங்க" என்றார். நான் கொடுக்கும் வாடகை 9,000. எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. என் பான் நம்பரில், என் பாஸ்வேர்டில், என் பெயரில் போகப்போகிற பொய் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதமே, 2025 ஜூலை 14ஆம் தேதி, இப்படிப் பொய்க் கழிவு காட்டிக் கொடுப்பவர்களின் இடங்களில் நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் ஓசூர் வங்கி ஊழியர் ஒருவர்தான் இந்த அக்காவைச் சொன்னார். ஜூலை 5, சனிக்கிழமை காலை போனேன். படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான். மேலே இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் கட்டுக் கட்டாக ஃபைல். எனக்கு முன்னால் ஆறு பேர். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தவர். நான் உட்கார்ந்ததும் பான், பாஸ்வேர்டு என்று எதுவும் கேட்கவில்லை. "சம்பள ஸ்லிப் கொண்டு வந்திருக்கியா கண்ணு?" என்றுதான் கேட்டார். போனில் இருக்கிறது என்றேன். கீழே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரின்ட் எடுத்து வரச் சொன்னார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்தபோது காரணம் புரிந்தது.

ஸ்லிப்பை நீளவாக்கில் சரிபாதியாக மடித்தார். வலது பாதியைப் பின்னால் தள்ளிவிட்டு இடது பாதியை மட்டும் என் முன்னால் வைத்தார். "இது கம்பெனி உனக்குத் தர்றது. மத்ததை இப்ப பாக்காத." பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 46,000, எச்.ஆர்.ஏ (வீட்டு வாடகைப் படி) 18,400, ஸ்பெஷல் அலவன்ஸ் 27,600. பென்சிலைக் கொடுத்து என்னையே கூட்டச் சொன்னார். 92,000. அப்புறம் காகிதத்தைத் திருப்பி வலது பாதி. பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) 5,520, அதாவது பேசிக்கில் 12 சதவீதம். தொழில் வரி 200. கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் சேர்த்து 1,200. கழித்தால் 85,080. என் கணக்கில் விழுந்த அதே தொகை. ஒன்பது மாதமாகப் பார்த்த காகிதம், ஐந்து நிமிடத்தில் பேச ஆரம்பித்தது.

"அப்ப ஒரு லட்சம் எங்கக்கா?" என்றேன்.

ஸ்லிப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கம்பெனியின் பங்கு என்று. அதைச் சுற்றி வட்டம் போட்டார். கம்பெனி கட்டும் பி.எஃப் 5,520, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று ஒதுக்குவது 2,213. இரண்டையும் 92,000-த்தோடு கூட்டினால் 99,733. பன்னிரண்டால் பெருக்கினால் 11,96,796. ஆஃபர் லெட்டரின் 12 லட்சம் அதுதான். "உன் சம்பளத்துல பிடிச்சதில்ல இது, ஆனா உனக்காகக் கம்பெனி பண்ற செலவுனு கணக்குல சேத்துச் சொல்றாங்க. பி.எஃப் உன் பணம், கைக்கு வரலைன்னாலும் உன் பேர்லதான் இருக்கு. கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் இருந்தா வரும்." கம்பெனி பங்கு முழுவதும் பி.எஃப் கணக்கில் சேராது, அதிலிருந்து 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகும், பாஸ்புக்கில் தனிக் கட்டத்தில் தெரியும் என்பதையும் சொன்னார். ஆஃபர் லெட்டர் கையெழுத்துப் போடும்போதே இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வீட்டில் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி ஸ்லிப்பின் பின்னால் இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு. வருமான வரி ஒர்க்‌ஷீட். அதை நான் பிரின்ட் எடுக்கக்கூட இல்லை, தேவையில்லை என்று நினைத்தேன். அக்கா மறுபடியும் கீழே அனுப்பினார். அந்தப் பக்கத்தில் ஒரு வரி: முந்தைய நிறுவனத்தின் வருமானம், 0.00.

"இந்த முட்டைதான் உன் பிரச்சினை" என்று அதன் மேல் பென்சிலை வைத்தார்.

விஷயம் இதுதான். கருப்பூர் கம்பெனி என் வருடச் சம்பளத்தை 48,000 வீதம் 5,76,000 என்று எடுத்துக்கொண்டது. வரிக் கணக்கில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு, புதியதில் விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு. 2024-25இல் புதிய முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவு 75,000 போக 7 லட்சம் வரை வரி இல்லை. எனவே ஒன்றும் பிடிக்கவில்லை. பொம்மசந்திரா கம்பெனி, தான் தந்த ஆறு மாதம் 92,000-ஐ மட்டும் பார்த்தது. 5,52,000. அதுவும் வரம்புக்குக் கீழே. ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சரி. ஆனால் வரி எனக்கு, இரண்டு கம்பெனிக்கு இல்லையே. சேர்த்தால் 8,40,000. நிலையான கழிவு ஒரு தடவைதான், 75,000. மீதி 7,65,000. 7 லட்சத்தைத் தாண்டிவிட்டதால், அதுவரை வரியே இல்லாமல் செய்யும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி போய்விட்டது. 3 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. மேலே உள்ள 65,000-க்கு 10 சதவீதம், 6,500. அந்த வரியின் மேல் செஸ் (கூடுதல் தீர்வை) 4 சதவீதம். மொத்தம் 27,560. (சேமிப்புக் கணக்கு வட்டி என்று சில நூறு ரூபாய் இருந்தது, அதையும் அவர் சேர்த்தார். இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.)

இதைத் தவிர்க்க ஒரு வழி இருந்திருக்கிறது. புதுக் கம்பெனியில் சேரும்போதே பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் அப்போது 12பி என்றிருந்த படிவத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருப்பார்கள். எனக்கு வந்த வரவேற்பு மெயிலில் பதினேழு இணைப்புகள். அதில் ஒன்று அது. எந்தப் படிவம் எதற்கு என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு இதில் கோபம் உண்டு. வருடத்தின் நடுவில் ஊர் மாறி வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. ஒரு நிமிட வேலை.

நேரத்துக்குக் கட்டாததால் வட்டியும் சேர்ந்தது. ஜூலையில் கட்டியதால் எல்லாம் சேர்த்து 30,050. அந்த வருடம் ரிட்டர்ன் கெடுவை செப்டம்பர் 15 வரை நீட்டியிருந்தார்கள். (கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டினார்கள்.) பொறுமையாக ஆகஸ்டில் கட்டலாமா என்று கேட்டேன். "கெடுவைத்தான் நீட்டியிருக்காங்க, வட்டியை நிறுத்தலை. மாசம் பொறந்தா இன்னும் ஒரு பர்சென்ட் ஏறும். காசு இருந்தா இன்னிக்கே கட்டு" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே அவர் வாங்கிய கட்டணம் தகும்.

அதற்கு முன்னால் பழைய முறையிலும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகை ரசீது கட்டு ஒன்றை நான் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். சந்தாபுராவில் தோழி ஒருத்தியோடு வீடு எடுத்திருக்கிறேன், என் பங்கு 9,000. பழைய முறையில் எச்.ஆர்.ஏ கழிவுக்கு மூன்று தொகை பார்க்க வேண்டும்: கம்பெனி தந்த எச்.ஆர்.ஏ, வாடகையில் பேசிக்கின் பத்தில் ஒரு பங்கு போக மீதி, பேசிக்கில் 40 சதவீதம். எது குறைவோ அது. அப்போது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவுக்குத்தான் 50 சதவீதம். பெங்களூர் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் அந்த வருடக் கணக்கில் 40தான். எனக்கு 9,000-த்தில் 4,600 போக மாதம் 4,400, ஆறு மாதத்துக்கு 26,400. 9,000 முழுக்கக் கழியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலையான கழிவு பழைய முறையில் 50,000. இரண்டு மாநிலத்துத் தொழில் வரி 2,450. இரண்டு பி.எஃப், எல்.ஐ.சி, பையனின் டியூஷன் ஃபீஸ் எல்லாம் சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,05,920. மருத்துவக் காப்பீடு 18,000. எல்லாம் போக 6,37,230. வரி 41,540. புதிய முறையில் 27,560. ரசீதுக் கட்டை என் கையில் திருப்பிக் கொடுத்து, "இந்த வருஷம் இது வேண்டாம் கண்ணு, புதுசுதான் உனக்கு லாபம்" என்றார். ரசீது சேர்த்தவளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இரண்டு கணக்கும் என் கண் முன்னால், என் கைப்பட இருந்ததால் மனதில் ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. சேலத்தில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு பெங்களூரில் வாடகையும் கொடுப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் போடாமல் முடிவு எடுக்கவே கூடாது என்கிறார். வேலை வேறு ஊரில் என்பதால் பழைய முறையில் கடன் வட்டி, வாடகை இரண்டுக்கும் கழிவு கேட்கலாம். புதிய முறையில் தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் இடமில்லை, எச்.ஆர்.ஏவுக்கும் இடமில்லை. பிசினஸ் இல்லாத சம்பளக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது எந்த முறை என்று தேர்ந்துகொள்ளலாம். கம்பெனியில் சொன்னதே கடைசி அல்ல.

பஸ்ஸில் எல்லோரும் கேட்கும் கேள்வியையும் கேட்டேன். வாரா வாரம் போக வர ஆகும் பஸ் செலவைக் கழிக்க முடியாதா? முடியாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் செலவுக்குச் சம்பளக்காரர்களுக்குத் தனிக் கழிவு கிடையாது. முன்பு போக்குவரத்துப் படி, மருத்துவச் செலவு என்று தனித்தனியாக இருந்ததை எடுத்துவிட்டு 2018 பட்ஜெட்டில் 40,000 ரூபாய் நிலையான கழிவைக் கொண்டுவந்தார்கள், அது வளர்ந்துதான் இந்த 75,000 என்றார். நான் தொப்பூர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே தொகை. நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. காரணமாவது தெரிந்தது.

"கர்நாடகாவுக்குத் தனி வரியா?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. வருமான வரி மத்திய அரசுடையது. சேலத்தில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் ஒரே விகிதம், ஒரே ரிட்டர்ன். மாநிலம் மாறினால் மாறுவது தொழில் வரி. அது வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும். என் பழைய ஸ்லிப்பில் செப்டம்பரில் 1,250 பிடித்திருந்தார்கள். கர்நாடகாவில் மாநில அரசுக்கு மாதா மாதம். மாதச் சம்பளம் 25,000 முதல் அப்போது 200. ஆறு மாதம் 1,200. ஒரே வருடத்தில் இரண்டு மாநிலத்துக்கும் கட்டியது தப்பு இல்லையா என்று பயந்துபோயிருந்தேன். தப்பில்லை, ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒரு இடம். வருடத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே 276ஆவது பிரிவில் வரம்பு வைத்திருக்கிறது.

அப்புறம் பணம் கட்டிய விதம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். "உன் பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம், நீயே போடு." வருமான வரி இணையதளத்தில் இ-பே டாக்ஸ், செல்ஃப் அசெஸ்மென்ட், மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த வருடத்துக்கு அடுத்த வருடம்) 2025-26. இந்த இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். சம்பாதித்த வருடம் 2024-25 என்பதால் பலர் அதையே தேர்ந்துவிடுகிறார்களாம், பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். சலான் வந்ததும் அதன் எண்ணை ரிட்டர்னில் நானே தட்டச்சு செய்தேன். ஆதார் ஓ.டி.பி போட்டு அப்போதே சரிபார்த்தும் விட்டோம். அதைச் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் மறந்துவிடுவார்கள் என்று என்னை எழுந்திருக்க விடவில்லை.

கட்டணம் 1,200. ரிட்டர்னுக்கு 800, ஸ்லிப் சொல்லிக்கொடுத்ததற்கு 400. பில் புக்கில் எழுதி ரசீது கொடுத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பதிவு கிடையாது. வருகிற வரிசைதான். காத்திருக்க நான்கே நாற்காலி, மற்றவர்கள் படியில் உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்களால் அந்தப் படி ஏற முடியாது. என் மாமியாரின் பென்ஷன் விஷயமாக அவரை அழைத்துப்போக நினைத்து விட்டுவிட்டேன். கீழே இறங்கி வந்து பார்ப்பாரா என்று கேட்டதற்கு முடியாது என்றார், அது எனக்கு வருத்தம்தான். பகலில் போனை எடுக்க மாட்டார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவரே கூப்பிடுவார். நாம் பஸ்ஸில் இருந்தால் போச்சு. கட்டணத்தை முன்கூட்டியே சொல்வதில்லை, முடிந்த பிறகுதான். எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் நூறு ரூபாய் எண்ணிச் செலவு செய்கிறவர்கள் தயங்குவார்கள். சுவரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடலாம். இன்னொன்று, அவசரமாக வருபவர்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார். என் முன்னாலேயே ஒரு பையன், "ஸ்லிப் எல்லாம் வேண்டாம்கா, ரிட்டர்ன் மட்டும் போட்டுக் கொடுங்க" என்றான். "அப்ப வேற எடம் பாரு தம்பி" என்று அனுப்பிவிட்டார். அவன் முகம் சுண்டிப்போனது. இன்னும் ஒரு வார்த்தை தணிவாகச் சொல்லியிருக்கலாம்.

அவர் கண்டுபிடித்த இன்னொரு விஷயத்தால்தான் நான் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் போனேன். என் பழைய பி.எஃப் புதுக் கணக்குக்கு மாறவே இல்லை. காரணம், இனிஷியல். பானில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் இனிஷியல். பொம்மசந்திரா கம்பெனியின் சாஃப்ட்வேர் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது என்பதால் அங்கே இருந்த பெண் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். ஒரே ஆள், மூன்று பெயர். நம் ஊரில் இனிஷியலோடு வளர்ந்த எல்லோருக்கும், முக்கியமாகக் கல்யாணமான பெண்களுக்கு, எல்லை தாண்டியதும் இது வரும். அக்கா மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்து, எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதலில் ஆதாரையும் பானையும் ஒன்றாக்கு, அப்புறம் பி.எஃப் தளத்தில் ஜாயின்ட் டிக்ளரேஷன் (நாமும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்), அது முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று, இரண்டு, மூன்று என நம்பர் போட்டு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஏழு மாதம் ஆனது. இரண்டு கம்பெனிக்கும் மாறி மாறி மெயில் போட்டேன். பழைய கணக்கின் பணம் பாஸ்புக்கில் புது எண்ணுக்குக் கீழே வந்து சேர்ந்த அன்றைக்கு கிருஷ்ணகிரி டீக்கடையில் நின்றுகொண்டே மூன்று தடவை திறந்து திறந்து பார்த்தேன். இதற்கு அவர் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

2025-26க்கு என் கணக்கு சுலபம். வருடம் முழுக்க ஒரே கம்பெனி, 11,04,000. நிலையான கழிவு போக 10,29,000. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி வந்துவிட்டதால் வரி இல்லை. அதனால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று அர்த்தமில்லை, போட்டுத்தான் ஆக வேண்டும். 2026 பிப்ரவரி ஸ்லிப்பில் தொழில் வரி 200-க்குப் பதில் 300 என்று வந்ததும் எங்கள் லைனில் பெரிய சலசலப்பு. கணக்கில் தப்பு என்று ஒருவர் மெயில் எழுதவே உட்கார்ந்துவிட்டார். தப்பில்லை, கர்நாடகா சட்டத்தைத் திருத்தி பிப்ரவரிக்கு மட்டும் 300 ஆக்கியிருக்கிறது, பதினோரு மாதம் 200, ஒரு மாதம் 300, மொத்தம் அந்த 2,500 என்று ஸ்லிப்பை மடித்துக் காட்டினேன்.

போகிறவர்கள் கவனத்துக்கு. சனிக்கிழமை காலை பத்துக்குத் திறக்கிறார், ஒன்பதரைக்கே போய் நில்லுங்கள். ஜூலை கடைசி வாரம் போகாதீர்கள், படி வரைக்கும் கூட்டம் நிற்கும். ஜூன் பிற்பாதி நல்லது, ஃபார்ம் 16 கைக்கு வந்திருக்கும். வருடத்தில் வேலை மாறியிருந்தால் இரண்டு கம்பெனியின் ஃபார்ம் 16, எல்லா மாத ஸ்லிப்பும், அதன் இரண்டாவது பக்கத்தோடு, பிரின்டாக. பான், ஆதார், பி.எஃப் பாஸ்புக் மூன்றின் நகலும். பாஸ்வேர்டு உங்கள் மண்டையில் இருக்கட்டும், எழுதிக் கொண்டு போக வேண்டாம். ஆதாரோடு இணைத்த நம்பர் உள்ள போன் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். தன் கணவர் நம்பரை இணைத்துவிட்டு வந்து, அவர் தறியில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை என்று ஒரு பெண் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்தார்.